காணாமற்போகும் பொத்தான்: மின்னஞ்சல் நிரல்களில் கருவிப்பட்டையின் வரலாறு

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அலுவலகக் கணினிகளைப் பழுதுபார்த்தவர்களுக்கு 'அவுட்சிஎம்டி.டாட்' என்ற கோப்பு நன்றாகவே நினைவிருக்கும். அவுட்லுக் நிரலின் கருவிப்பட்டையில் பயனர் செய்துகொண்ட மாற்றங்கள் அந்த ஒரே கோப்பில்தான் பதிவாகும். நேற்றுவரை இருந்த பொத்தானை இன்று காணோம் என்று அழைப்பு வந்தால், அவுட்லுக்கை மூடிவிட்டு, பயனரின் 'அப்ளிகேஷன் டேட்டா' கோப்புறைக்குள் போய், அந்தக் கோப்பின் பின்னொட்டை 'ஓல்ட்' என்று மாற்றுவார்கள். நிரலை மறுபடி திறந்ததும் புதுக் கோப்பு தானாக உருவாகும். கருவிப்பட்டை முதன்முதலில் நிறுவிய நாளில் இருந்ததுபோல வந்து நிற்கும். வேண்டிய பொத்தான்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று அதே புகாருக்கு அந்த வைத்தியம் பலிக்காது. அந்தக் கோப்பே இப்போது இல்லை. பொத்தான் மறைவது பழைய சிக்கல்தான், ஆனால் மறைவதற்கான காரணம் தலைமுறைக்குத் தலைமுறை இடம்மாறி வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஏதோ ஒன்று பழுதானதால் மறைந்தது. பிற்பாடு, நிரலே முடிவெடுத்து மறைத்தது. இந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்த்தால்தான், காணாமற்போன பொத்தானை எங்கே தேடுவது என்பது தெளிவாகும்.

மைக்ரோசாஃப்ட் நிரல்களில் கருவிப்பட்டை முதலில் இடம்பிடித்தது 1990இல் வெளிவந்த எக்செல் 3இல். அதன் பிறகு அது பெருகிய வேகம் வியக்கவைக்கும். 2003ஆம் ஆண்டு வேர்டில் 31 கருவிப்பட்டைகள் இருந்தன. திரையில் இடம் போதாமல் ஆஃபிஸ் 2000இல் ஒரு புது ஏற்பாடு செய்தார்கள்: இரண்டு கருவிப்பட்டைகளை ஒரே வரிசையில் அடுக்கி, அதிகம் பயன்படாத பொத்தான்களை ஓரத்திலிருந்த சிறு அம்புக்குறிக்குள் ஒளித்துவைத்தார்கள். எந்தப் பொத்தான் வெளியே நிற்கும், எது உள்ளே போகும் என்பதை நிரலே பயன்பாட்டைக் கவனித்துத் தீர்மானித்தது. பயனர் எதையும் தொடாமலே பொத்தான் இடம் மாறும் வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. பொத்தானைக் காணோம் என்ற அன்றைய புகார்கள் சிலவற்றுக்கு அந்த அம்புக்குறியை ஒருமுறை அழுத்துவதே போதுமான தீர்வாக இருந்தது.

அதே ஆஃபிஸ் 2000இல்தான் 'காம் ஆட்-இன்' என்ற வசதியும் வந்தது. வெளியார் எழுதிய நிரல் அவுட்லுக்குக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து, தன் பொத்தானைக் கருவிப்பட்டையில் வைக்கலாம். வைரஸ் தடுப்பு, தொலைநகல் அனுப்புதல், வாடிக்கையாளர் விவரம் சேமித்தல் என்று எத்தனையோ வேலைகளுக்கு நிறுவனங்கள் இப்படி ஆட்-இன் எழுதின. பொத்தானைச் சேர்க்கும் கட்டளையில் 'டெம்பரரி' என்றொரு குறிப்பு உண்டு. அதை விட்டுவிட்டால் பொத்தான் அவுட்சிஎம்டி கோப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். ஆட்-இன்னை அகற்றிய பிறகும், அழுத்தினால் ஒன்றும் நடக்காத உயிரற்ற பொத்தானாகத் திரையில் தங்கிவிடும். இதைத் தவிர்க்கத் தேர்ந்த நிரலாளர்கள் பொத்தானைத் தற்காலிகம் என்றே குறித்தார்கள். அப்போது அவுட்லுக் மூடும்போதெல்லாம் பொத்தான் அழியும், திறக்கும்போதெல்லாம் ஆட்-இன் அதைப் புதிதாக உருவாக்கும்.

இது நல்ல ஏற்பாடு. ஆனால் இதன் பின்விளைவை அன்று பலரும் உணரவில்லை. பொத்தான் இருப்பதும் இல்லாமற்போவதும் இனிக் கருவிப்பட்டைக் கோப்பைப் பொறுத்ததல்ல. அன்று காலை ஆட்-இன் ஏறியதா என்பதைப் பொறுத்தது. அவுட்சிஎம்டி கோப்பை எத்தனை முறை மாற்றினாலும், ஏறாத ஆட்-இன்னின் பொத்தான் வராது.

ஏறியதா இல்லையா என்பதைச் சொல்லும் இடம், விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி. ஒவ்வொரு ஆட்-இன்னின் பெயருக்குக் கீழும் 'லோடுபிஹேவியர்' என்றொரு எண் இருக்கிறது. அது 3 என்றால், அவுட்லுக் தொடங்கும்போதே ஆட்-இன்னும் ஏற வேண்டும் என்று பொருள். ஏறும்போது பிழை நேர்ந்தால் ஆஃபிஸ் தானே அந்த எண்ணை 2 ஆக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு ஆட்-இன் ஏறாது, பொத்தானும் வராது. பழுதுபார்ப்பவர் 2ஐ அழித்து 3 என்று எழுதி அவுட்லுக்கைத் திறக்கிறார். பொத்தான் வந்து நிலைத்தால் பிழை தற்செயலானது. எண் மறுபடியும் 2க்கே திரும்பிவிட்டால் காரணம் ஆழத்தில் இருக்கிறது: ஆட்-இன்னுக்குத் தேவையான டாட்நெட் இயக்கச் சூழலின் பதிப்பு கணினியில் இல்லாதிருக்கலாம், அல்லது 32 பிட் ஆட்-இன்னை 64 பிட் அவுட்லுக்கில் ஏற்ற முயன்றிருக்கலாம். ஆஃபிஸ் 2010இல் 64 பிட் பதிப்பு முதன்முறையாக வந்தபோது இந்த இரண்டாவது காரணமும் சேர்ந்துகொண்டது. இந்த 3, 2 சோதனை எளியது, ஆனால் இவ்வளவு துல்லியமாக நோயைப் பிரித்துக்காட்டும் சோதனை இந்தத் துறையில் அரிது.

இதைவிடக் கடுமையான தண்டனை ஒன்றும் இருந்தது. ஆட்-இன் ஏறும் நேரத்தில் அவுட்லுக் நிலைகுலைந்து மூடிக்கொண்டால், அடுத்தமுறை திறக்கும்போது, இந்த ஆட்-இன்னால் கடுமையான பிழை ஏற்பட்டது, முடக்கிவிடலாமா என்று ஒரு பெட்டி கேட்கும். அவசரத்தில் இருக்கும் பயனர் 'ஆம்' என்று அழுத்திவிட்டு மறந்துவிடுவார். சில நாள் கழித்துத்தான் பொத்தான் நினைவுக்கு வரும். அவுட்லுக் 2003இல் முடக்கப்பட்டவற்றின் பட்டியல் 'ஹெல்ப்' பட்டியலின் கீழே, நிரலின் பதிப்பு எண்ணைக் காட்டும் பெட்டிக்குள், 'டிஸேபிள்ட் ஐட்டம்ஸ்' என்ற பெயரில் இருந்தது. பதிப்பு எண் பார்க்கும் இடத்தில் போய்ப் பொத்தானைத் தேட வேண்டும் என்று ஒரு சாதாரணப் பயனருக்கு எப்படித் தோன்றும்? இது வடிவமைப்பில் நேர்ந்த பெருங்குறை என்றே சொல்ல வேண்டும்.

பொத்தான் திரையில் இருக்கும், ஆனால் வேலை செய்யாது என்பது இதோடு ஒட்டிய இன்னொரு புகார். டாட்நெட்டில் ஆட்-இன் எழுதத் தொடங்கிய நிரலாளர்கள் பலர் பொத்தானைக் குறிக்கும் மாறியைத் தொடக்கச் செயற்கூறுக்கு உள்ளேயே அறிவித்துவிட்டார்கள். செயற்கூறு முடிந்ததும் அந்த மாறியை யாரும் பயன்படுத்துவதில்லை என்று கருதி, டாட்நெட்டின் நினைவகத் துப்புரவு அதை எடுத்துப்போட்டுவிடும். முதலில் சிலமுறை ஒழுங்காக வேலை செய்த பொத்தான் அதன்பிறகு அழுத்தினாலும் அசையாது. மாறியை ஒரு வரி மேலே தூக்கி, வகுப்பின் மட்டத்தில் அறிவித்தால் சிக்கல் தீர்ந்தது.

ஆஃபிஸ் 2007இல், கருவிப்பட்டைகளுக்குப் பதிலாகப் பொத்தான்களைத் தாவல்களாகப் பிரித்துக் காட்டும் 'ரிப்பன்' வந்தது; அதை வடிவமைத்த குழுவில் ஜென்சன் ஹாரிஸ் முக்கியமானவர். அவுட்லுக்கில் அது படிப்படியாகத்தான் புகுந்தது. 2007இல் கடிதம் எழுதும், படிக்கும் சாளரங்களில் மட்டும் ரிப்பன். முதன்மைச் சாளரத்தில் பழைய கருவிப்பட்டையே நீடித்தது. 2010இல் அங்கும் ரிப்பன் வந்தபோது பழைய ஆட்-இன்களின் பொத்தான்கள் அழியவில்லை. 'ஆட்-இன்ஸ்' என்ற தனித் தாவலுக்குள் ஒதுக்கிவைக்கப்பட்டன. பழகிய இடத்தில் தேடியவர்களுக்கு அது காணாமற்போனதற்குச் சமம்தான்.

ரிப்பனுக்கான பொத்தான்களை எக்ஸ்எம்எல் வடிவில் எழுத வேண்டும். அதில் ஒரு பண்பின் பெயர் தவறானாலும் முழுக் குறிப்பும் நிராகரிக்கப்படும். ஆட்-இன் ஏறியிருக்கும், லோடுபிஹேவியர் 3ஆகவே இருக்கும், பொத்தான் மட்டும் இருக்காது. அவுட்லுக் இதைப் பற்றி வாய் திறக்காது. விருப்பத்தேர்வுகளில், 'அட்வான்ஸ்டு' பகுதியில், ஆட்-இன் இடைமுகப் பிழைகளைக் காட்டு என்ற பெட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டுமே எந்த வரியில் பிழை என்று சொல்லும். அந்தப் பெட்டி இயல்பில் தேர்வுசெய்யப்படாமலே இருக்கும்.

வரலாற்றின் பெரிய திருப்பம் அவுட்லுக் 2013. அதுவரை, பிழை செய்த ஆட்-இன்தான் முடக்கப்பட்டது. இப்போது மெதுவாக ஏறும் ஆட்-இன்னும் முடக்கப்பட்டது. தொடர்ந்து 5 முறை அவுட்லுக் தொடங்கும்போது ஆட்-இன் எடுத்துக்கொள்ளும் நேரத்தின் இடைநிலை அளவு 1,000 மில்லிவிநாடியைத் தாண்டினால், அது தானாக முடக்கப்படும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் 45ஆம் எண் நிகழ்வைத் திறந்தால் ஒவ்வொரு ஆட்-இன்னும் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்ற பட்டியல் இருக்கும். முடக்கம் நேர்ந்திருந்தால் 59ஆம் எண் நிகழ்வில் ஆட்-இன்னின் பெயர், அனுமதித்த நேரம், அது எடுத்துக்கொண்ட நேரம் எல்லாம் வரிவரியாக இருக்கும்.

இந்த விதியில் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது. டாட்நெட்டில் எழுதிய ஆட்-இன்கள் பல இருந்தால், அவற்றுள் முதலில் ஏறுவதுதான் டாட்நெட் இயக்கச் சூழலையும் நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அந்தச் செலவு முழுவதும் அதன் கணக்கில் விழுகிறது. பின்னால் வருபவை தயாராக இருக்கும் சூழலில் சுலபமாக ஏறிக்கொள்கின்றன. ஆகவே பழைய வன்தட்டு உள்ள கணினியில், குற்றமில்லாத ஒரு ஆட்-இன் வரிசையில் முன்னால் நின்ற காரணத்துக்காகவே முடக்கப்படலாம். அதே ஆட்-இன் பக்கத்து மேசையிலுள்ள புதுக் கணினியில் சிக்கலின்றி ஓடும். ஒரே அலுவலகத்தில் ஒருவருக்குப் பொத்தான் இருந்து மற்றவருக்கு இல்லாமற்போன புதிருக்கு இது ஒரு முக்கிய விடை. முடக்கப்பட்டவற்றின் பட்டியலில் 'எப்போதும் இயக்கு' என்ற தேர்வைப் பயனர் அழுத்தலாம். நிறுவனத்தின் கணினி நிர்வாகி குழுக் கொள்கையில் விலக்குப் பட்டியலும் வைத்துக்கொள்ளலாம்.

தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் நிரலின் கதை வேறு பாதையில் நடந்து இதே இடத்துக்கு வருகிறது. 2004 டிசம்பரில் 1.0 பதிப்பு வந்தபோது அதன் நீட்சிகள் நிரலின் இடைமுகத்தையே திருத்தி எழுதும் சுதந்திரம் பெற்றிருந்தன. ஒவ்வொரு நீட்சியும் தான் எந்தப் பதிப்புமுதல் எந்தப் பதிப்புவரை பொருந்தும் என்று அறிவித்திருக்க வேண்டும். தண்டர்பேர்ட் புதுப்பிக்கப்பட்டு அந்த எல்லையைத் தாண்டினால் நீட்சி முடங்கும், பொத்தானும் போகும். நீட்சியின் ஆசிரியர் மேல் எல்லையை உயர்த்தி வெளியிட்டால் எல்லாம் சரியாகும். சிக்கல் நீட்சியிலா, கருவிப்பட்டையின் பதிவிலா என்று பிரித்தறியத் தண்டர்பேர்டில் நல்ல வழி உண்டு: ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி நிரலைத் திறந்தால் நீட்சிகளை முடக்கவும், கருவிப்பட்டைகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரவும் தனித்தனித் தேர்வுகள் கொண்ட பெட்டி வரும்.

2020 ஜூலையில் வந்த 78ஆம் பதிப்பு பழைய வகை நீட்சிகளை முற்றிலும் கைவிட்டது. கடிதங்களை மறையாக்கம் செய்ய நெடுங்காலம் உதவிய எனிக்மெயில் நீட்சியின் இடத்தைத் தண்டர்பேர்டே உள்ளமைத்த ஓபன்பிஜிபி வசதி பிடித்தது. 2023 ஜூலையில் 'சூப்பர்நோவா' என்ற 115ஆம் பதிப்பு வந்து, சாளரத்தின் உச்சியில் ஒரே ஒருங்கிணைந்த கருவிப்பட்டையை அமைத்தது. பழைய இடத்தில் பொத்தானைத் தேடியவர்கள் அந்தப் பட்டையின்மேல் வலது சொடுக்கி, 'கஸ்டமைஸ்' சாளரத்திலிருந்து அதை இழுத்துவைக்க வேண்டியிருந்தது.

ஆப்பிள் மெயிலில் விதி இன்னும் கறாராக இருந்தது. செருகுநிரல் தனக்குப் பொருந்தும் மெயில் பதிப்பின் அடையாள எண்ணைத் தன் குறிப்புக் கோப்பில் வைத்திருக்க வேண்டியிருந்தது. இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது அந்த எண்ணும் மாறக்கூடியதாக இருந்தது. பொருந்தாவிட்டால் மெயில் அந்தச் செருகுநிரலை முடக்கப்பட்டவற்றுக்கான கோப்புறைக்கு நகர்த்திவிட்டது. 2021இல் மேக் இயங்குதளத்தின் மான்டெரே பதிப்புடன் 'மெயில்கிட்' என்ற மாற்று வழி அறிமுகமானது. 2023இல் சொனோமா பதிப்பு பழைய செருகுநிரல்களை ஏற்பதையே நிறுத்திக்கொண்டது.

விண்டோஸுக்கான புதிய அவுட்லுக் 2024 ஆகஸ்டில் நிறுவனங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் காம் ஆட்-இன்னுக்கு இடமே இல்லை. இணையத்திலிருந்து இயங்கும் வலை ஆட்-இன்கள் மட்டுமே அதில் பொத்தான் வைக்க முடியும். ரெஜிஸ்ட்ரியில் எண்ணை மாற்றுவது, கோப்பின் பெயரை மாற்றுவது என்று கால் நூற்றாண்டாகச் சேர்ந்த கைவைத்தியம் எதுவும் அங்கே செல்லாது. வலை ஆட்-இன்னை நிறுவன நிர்வாகி மையத்திலிருந்து வழங்கினால் பயனரின் திரையில் அது தோன்ற ஒரு நாள்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் பயனரின் கணினியைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை.

இதனால் இன்று அவுட்லுக் பொத்தான் பற்றிய புகாருக்கு முதலில் கேட்க வேண்டியது, திறந்திருப்பது புதிய அவுட்லுக்கா, பழையதா என்பதுதான். சாளரத்தின் மேலே வலது ஓரத்தில் உள்ள சுவிட்ச் தெரிந்தோ தெரியாமலோ தள்ளப்பட்டிருந்தால், காம் ஆட்-இன்களின் பொத்தான்கள் எல்லாம் ஒரேயடியாகக் காணாமற்போயிருக்கும். ஒன்று மட்டும் போயிருந்தால் சிக்கல் அந்த ஆட்-இன்னைச் சார்ந்தது. எல்லாம் போயிருந்தால் நிரலே மாறியிருக்கிறது. பழைய அவுட்லுக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. தங்கள் அலுவலக வேலையை ஒரு காம் ஆட்-இன்னின் பொத்தானை நம்பி நடத்துகிற நிறுவனங்கள், அதை வலை ஆட்-இன்னாகத் திரும்ப எழுதவோ வேறு வழி தேடவோ அதற்குள் முடிவெடுத்தாக வேண்டும்.