எதிர்த்து நின்றவருக்கு நிதி இலாகா

பூந்தமல்லியில் பஸ் ஏறி ஆவடிக்கு டிக்கெட் எடுத்தீர்கள் என்றால், ஆவடி வருவதற்குச் சற்று முன்னால் பருத்திப்பட்டு. அங்கே ஏரிக்கரையில் நடைபாதை போட்டு, பூங்கா வைத்து 2019-ல் திறந்துவிட்டார்கள். காலையில் நடக்க வருகிறவர்கள் பேசுவதைச் சும்மா காது கொடுத்துக் கேளுங்கள். பாதிப் பேர் சர்க்கரை அளவு பற்றிப் பேசுவார்கள். மீதிப் பேர், ஆபீசில் தனக்கு ஆகாத ஆளைப் பற்றி. ‘அவன் இருக்கிற டீம்ல நான் எப்படி சார் வேலை பாக்கிறது?’

நியாயமான கேள்விதான். பி.காம். முடித்துவிட்டு நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் (பெயர் வேண்டாம், விடுங்கள்) கணக்குப் பிரிவின் தலைமைக்கு இரண்டு பேர் போட்டி. ஜெயித்தவர் செய்த முதல் காரியம், தோற்றவரின் மேஜையைத் தூக்கி பழைய ஃபைல்கள் கிடக்கும் அறைக்குப் பக்கத்தில் போட்டது. வருடக் கடைசியில் ஆடிட்டர் வந்தார். எந்தப் பாக்கி எதனால் நிற்கிறது என்று முழுசாகத் தெரிந்த ஒரே ஆள் அந்த மேஜைக்காரர்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பழைய வவுச்சர்களைப் புரட்டியது யார் என்கிறீர்கள்? நாங்கள், சின்னப் பையன்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆவடி என்றால் இன்று டாங்க் தொழிற்சாலை. அதற்கும் முன்னால் இந்தியா முழுக்க அந்தப் பெயர் அடிபட்டது 1955 ஜனவரியில். காங்கிரஸ் மகாசபை இங்கே கூடியது. தலைவர் யு.என்.தேபர். நேரு வந்திருந்தார். சோஷலிச பாணி சமுதாயம்தான் லட்சியம் என்று தீர்மானம் போட்டார்கள். பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது தீர்மானத்தைப் பற்றி அல்ல. அப்போது மாநில முதலமைச்சராக ஒன்பது மாதமே ஆகியிருந்த ஒருவரைப் பற்றி.

காமராஜ்.

1954-ல் ராஜாஜி பதவியை விட்டு இறங்கும்படி ஆனது. பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் வீட்டுத் தொழில் என்ற அவருடைய கல்வித் திட்டத்துக்கு மாநிலம் முழுக்க எதிர்ப்பு. அடுத்து யார்? காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குள் போட்டி வந்தது. காமராஜை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம்: கோவை வக்கீல், ராஜாஜி அமைச்சரவையில் மந்திரி, ராஜாஜியின் ஆள் என்றே பெயர். மீ.பக்தவத்சலமும் அந்தப் பக்கம்தான். ஓட்டு எண்ணினார்கள். காமராஜுக்கு 93, சுப்பிரமணியத்துக்கு 41.

இப்போது நீங்கள் காமராஜ் இடத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக உழைத்த 93 பேர் வாசலில் நிற்கிறார்கள். ஒவ்வொருவரும் ஏதோ எதிர்பார்க்கிறார்கள். என்ன செய்வீர்கள்?

ஏப்ரல் 13-ந் தேதி அமைச்சரவை பதவியேற்றது. காமராஜையும் சேர்த்து மொத்தம் எட்டே பேர். மலபாரும் தென் கன்னடமும் அப்போது நம்மோடு இருந்தன. மூன்று கோடிக்கு மேல் ஜனத்தொகை. அந்த எட்டில் சுப்பிரமணியமும் இருந்தார், பக்தவத்சலமும் இருந்தார். எதிர்த்து நின்றவரைச் சமாதானத்துக்காக உள்ளே இழுத்து, மூலையில் ஒரு துண்டு இலாகா கொடுத்து உட்கார வைப்பது உலக வழக்கம். இங்கே சுப்பிரமணியத்துக்குக் கிடைத்தது நிதி. கூடவே கல்வி.

கல்வி! எந்த இலாகாவால் முந்தைய ஆட்சி போனதோ அந்த இலாகா. அடுத்த மாதமே, 1954 மே மாதத்தில், ராஜாஜியின் கல்வித் திட்டம் கைவிடப்படுகிறது என்ற அறிவிப்பு வந்தது. அறிவித்தவர் கல்வி மந்திரி சுப்பிரமணியம். காமராஜே மேடை ஏறி ‘பார், ஒழித்துவிட்டேன்’ என்று மார் தட்டியிருக்கலாம். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். மார் தட்டவில்லை. இலாகா யாருடையதோ அவர் அறிவித்தார்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனசில்லை. காமர்ஸ் படித்தவன் ஆயிற்றே, ஐந்தொகை போட்டுப் பார்க்கிறேன். காமராஜ் அதுவரை ஒரு நாள்கூட மந்திரியாக இருந்தது கிடையாது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர். கட்சி அவருக்கு உள்ளங்கை மாதிரி. கோட்டையின் ஃபைல் புதுசு. சுப்பிரமணியத்துக்கோ நிர்வாகமும் சட்டசபை வாதமும் கைவந்த கலை. தன்னிடம் இல்லாதது எதிராளியிடம் இருந்தது. தவிர, அந்த 41 பேரை வெளியே விட்டிருந்தால் கட்சிக்குள்ளேயே இன்னொரு எதிர்க்கட்சி ரெடி. தன் குறையைத் தானே எழுதி வைத்துக்கொண்டு அதற்கு ஆள் தேடுவது சாதாரணக் காரியம் இல்லை சார். நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்?

மற்ற பெயர்களையும் பாருங்கள். ராமசாமி படையாச்சியார் 1952 தேர்தலில் காங்கிரஸை எதிர்த்துத் தனிக்கட்சி நடத்தி ஜெயித்தவர். அவருக்கும் ஒரு நாற்காலி. தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த பி.பரமேசுவரன் கையில் அறநிலையத் துறை! எந்தச் சமூகத்தைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்களோ, அதிலிருந்து வந்தவரிடம் கோயில் நிர்வாகம்.

1957-ல் மறுபடி ஜெயித்த பிறகு, லோக்சபாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஆர்.வெங்கட்ராமனை இங்கே அழைத்துவந்து தொழில் இலாகாவைக் கொடுத்தார். ஆவடியிலிருந்து ரயிலில் வருகிறபோது அம்பத்தூர் பக்கம் தெரிகிற தொழிற்பேட்டைக் கூரைகளுக்கு வேர் அந்தக் காலத்தில்தான் இருக்கிறது.

இன்னொன்று, அவர் கேட்கிற விதம். யார் என்ன மனுவோடு வந்தாலும் ‘ஆகட்டும், பார்க்கலாம்’. கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் முழுக்கக் கேட்டு முடிக்கிறவரைக்கும் தன் முடிவைச் சொல்லாமல் இருப்பதில் ஒரு பலன் இருக்கிறது. எதிரே இருப்பவர் மனசில் உள்ளதைக் கொட்டிவிடுவார். 1964 மே 27-ல் நேரு மறைந்தபோது இந்தப் பழக்கம் தேசத்துக்கே பயன்பட்டது. காங்கிரஸ் தலைவர் என்ற முறையில் காமராஜ் ஓட்டுப் பெட்டி வைக்கவில்லை. எம்.பி.க்களையும் முதல்வர்களையும் பேசவிட்டுக் கேட்டார். மொரார்ஜி தேசாய்க்கும் ஆசை இருந்தது. கடைசியில் லால் பகதூர் சாஸ்திரி. ஜூன் 9-ல் பதவியேற்றார். கட்சி உடையவில்லை.

எல்லோரிடமும் இது பலித்ததா? இல்லை. ராஜாஜி 1959-ல் சுதந்திராக் கட்சி என்று தனியே போய்விட்டார். இரண்டு பேரும் மறுபடி ஒரே மேடைக்கு வந்தது 1971 தேர்தலில், அதிலும் தோல்விதான். 1966-ல் மொரார்ஜிக்கு எதிராக இந்திரா காந்தியைப் பிரதமராக்குவதில் பெரும் பங்கு காமராஜுக்கு. மூன்றே வருடத்தில், 1969-ல், கட்சியே இரண்டாக உடைந்தபோது இரண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம். கூட இருப்பவருக்கும் கூட்டுக்குள் இருக்கிற ஆசை வேண்டும். அது இல்லாத இடத்தில் ‘பார்க்கலாம்’ எடுபடவில்லை.

ஆனால் 1954-ல் தோற்றவர்கள்? சுப்பிரமணியம் எட்டு வருடம் கூடவே இருந்து வேலை பார்த்துவிட்டு 1962-ல் டெல்லி போனார். பசுமைப் புரட்சியோடு அவர் பெயரும் சேர்ந்துகொண்டது. 1963-ல் காமராஜ் தானாகப் பதவி விலகியபோது முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவர் பக்தவத்சலம்.

காமராஜ் இதை எங்கே கற்றார்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 1936-ல் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி, செயலாளர் காமராஜ். 1940-ல் அது தலைகீழானது. சிஷ்யர் தலைவர், குரு, அந்தச் சிஷ்யருக்குக் கீழே செயலாளர். முகம் சுளிக்காமல் வேலை பார்த்தார் சத்தியமூர்த்தி. 1943-ல் காலமாகிவிட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து, பருத்திப்பட்டுக்குப் பக்கத்திலே ஆவடியில் மகாசபைக்குப் பந்தல் போட்டபோது அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள்.

சத்தியமூர்த்தி நகர்.