பெரெம்பாங்: ஓர் இரவுப் பூவின் வரலாறு

சிலாங்கூர் ஆறு கோல சிலாங்கூரில் கடலைச் சேருமுன், அதன் இருமருங்கும் ஒருவகை மரம் சேற்றில் வேரூன்றி நிற்கிறது. மலாய் மக்கள் அதனைப் பெரெம்பாங் என்பர். கம்போங் குவாந்தானில் இம்மரத்தின் இலைகளில் மொய்த்து ஒருசேரக் கண்சிமிட்டும் மின்மினிகளைக் காணப் பல நாட்டவரும் படகேறுகின்றனர். மின்மினியின் புகழில் மரத்தின் பூ மறைந்து போயிற்று.

அது மறைந்ததற்கு வேறு காரணமும் உண்டு. அந்தி சாய்ந்தபின் விரியும் அப்பூ, மறுநாட் காலைக்குள் தன் கேசரங்களை உதிர்த்துவிடும். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பகலெல்லாம் பால்வெட்டி, இருட்டுமுன் லயத்துக்குத் திரும்பிய தோட்டத் தமிழர் அதனை மலர்ந்த கோலத்தில் காண வாய்ப்பேது? இத்தனைக்கும் இவ்வட்டாரத்துச் சதுப்புகளில் வடிகால் வெட்டியவர்களுள் அவர்களும் அடங்குவர். இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைப் பகுதியின் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல், பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கினார். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை!

பெரெம்பாங்கின் அடையாளம் அறிவியலில் நிலைபெற்ற கதை நெடியது. அம்போன் தீவில் டச்சுக் கம்பெனியின் அலுவலராயிருந்த ரும்பியஸ், 1670இல் கண்ணொளி இழந்தும் தம் தாவர நூலைக் கைவிடவில்லை. சிறு பாலாடைக்கட்டி போன்ற காயுடைய இம்மர இனத்தில் வெள்ளை, சிவப்பு என இருவகை உண்டென்று அவர் பிரித்துக் காட்டினார். 1702இல் அவர் மறைந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் கழித்தே அந்நூல் அச்சேறத் தொடங்கியது. 1754இல் லின்னேயஸ் செந்நிற வகைக்கு இலத்தீன் பெயர் சூட்டியபோது, அதனைப் பாக்காவ் மரங்களின் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார். இரண்டும் சேற்றில் நிற்பவை. மற்றபடி பூவிலும் காயிலும் ஒற்றுமை சொற்பம். பிழையைத் திருத்தி, 1782இல் சொன்னரேசியா எனத் தனிப்பேரினம் வகுத்தவர் அவருடைய மகனார். பெயருக்குரிய சொன்னரா, 1776இல் வெளியிட்ட பயண நூலில் இவ்வின மரமொன்றைப் படத்துடன் விவரித்திருந்தார். புதுச்சேரியில் வாழ்ந்து, தமிழரின் தெய்வங்களையும் விழாக்களையும் தொழில்களையும் எழுதிய சொன்னராவும் இவரே. அந்நூல் வெளிவந்ததும் அதே 1782இல்தான். பேரினப் பெயரையும் பழைய அடைமொழியையும் எங்ளர் இணைத்தது 1897இல். ஆக, ஒரு பூவின் பெயர் நிலைக்க நூற்று நாற்பத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

பெயரறிந்தாலும் மரத்தை இனங்காணல் எளிதன்று. பெரெம்பாங்குக்கு நெருங்கிய உறவாகப் பெரெபாட், கெடாபு என இரண்டு மரங்கள் உள்ளன. பெரெம்பாங்கின் இதழ் குறுகிய செந்நிறக் கீற்று; கேசரங்களின் அடிப்பகுதியும் சிவப்பு. மற்ற இரண்டின் கேசரங்களும் வெண்மை. காயிலும் வேறுபாடு உண்டு: புல்லிவட்டம் பெரெம்பாங்கில் தட்டையாக விரிந்திருக்கும், பெரெபாட்டில் பின்னோக்கி மடங்கும், கெடாபுவில் காயைக் கிண்ணம்போல் தழுவிக்கொள்ளும்.

இது ஏட்டளவில் நிற்கும் வேறுபாடன்று. பெரெபாட் கடல்முகத்து உவர்ச்சேற்றை விரும்புவது. பெரெம்பாங்குக்கு நன்னீர் கலந்த ஆற்றுப்பகுதி வேண்டும். சதுப்பு மரம்தானே என்று கண்டதைக் கொணர்ந்து நட்டால் கரை பசுமையாகலாம். மின்மினி வந்தமரும் மரம் ஆகாது. செம்பனைக்காகக் கரைமரங்கள் வெட்டப்பட்டதும், மேலாற்றில் அணை எழுந்தபோது உவர்நீர் ஏறுமோ என்ற அச்சம் பிறந்ததும் இதனாற்றான்.

அப்பூவைத் தேடி வரும் விருந்தினர் வௌவால்கள். 1976இல் ஸ்டார்ட், மார்ஷல் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பைத் தந்தது. பத்துமலைக் குகையில் வாழும் தேனுண்ணும் வௌவால்கள் சுமார் 38 கிலோமீட்டர் பறந்து, கடலோரச் சதுப்புகளில் இவ்வினப் பூக்களில் தேனுண்டு திரும்புகின்றனவாம். டுரியான் பூவை மகரந்தம் சேர்த்துக் காய்க்கச் செய்பவையும் இவையே. டுரியான் பருவத்தில் மட்டும் பூக்கும். சதுப்புப் பூவோ ஆண்டு முழுதும் அவற்றைக் காப்பாற்றுகிறது. தைப்பூசத்துக்குக் காவடியெடுத்துப் பத்துமலைப் படியேறுவோரின் தலைக்குமேல் இருளில் தொங்குவனவற்றின் இரவுணவு இது.

1987இல் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா அமைந்தபின் சதுப்பைக் காண வருவோர் பெருகினர். பெரெம்பாங்கைத் தேடுவோர் பூங்காவின் கடல்முகத்தைவிட்டு ஆற்றின் மேற்பகுதிக்குச் செல்லவேண்டும். வைகறையில், நீர் வடிந்த நேரத்தில், மரத்தடிச் சேற்றைப் பார்த்தாலே போதும்: உதிர்ந்த கேசரங்களின் அடி சிவந்திருந்தால் அது பெரெம்பாங்.