இரண்டு தோட்டங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷா ஆலமில் எங்கள் வீட்டில் ஜெர்மன் கோடை விருந்து வைத்தேன். வருஷம் முழுக்க 32, 33 டிகிரி அடிக்கிற ஊரில் கோடை என்று தனியாக என்ன இருக்கிறது என்று தங்கை சிரித்தாள். எங்கள் ஆலையில் இயந்திரம் பொருத்த வந்து மூன்று மாதம் தங்கியிருந்த பவேரியக்காரர் ஒருவர், கிளம்பும்போது செய்முறையை எழுதிக் கொடுத்திருந்தார். உருளைக்கிழங்கை வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் வட்டமாக நறுக்கி, வெங்காயம், வினிகர், கடுகு விழுது, கொஞ்சம் சூடான சூப்பு ஊற்றி ஊறவிட வேண்டும். மயோனைஸ் போட்டால் அது வடக்கத்திக்காரன் சாலட் என்று எச்சரிக்கை வேறு. குடிக்க ராட்லர். பாதி பீர், பாதி எலுமிச்சை சோடா.

எங்கள் பகுதிக் கடைகளில் பீர் கிடையாது. கிள்ளானுக்குப் போய் வாங்கி வந்தேன். டின்னைத் திறந்ததும் கூடத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி மூக்கைச் சுளித்தார். "கள்ளு வாடை அடிக்குது." பீர் வேறு, கள் வேறு என்று விளக்கினேன். "எல்லாம் ஒண்ணுதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எல்லாம் ஒன்றுதானா என்று அன்று இரவு தேட ஆரம்பித்தேன்.

கிள்ளானில் நான் வாங்கியது கார்ல்ஸ்பெர்க். அது தயாராவது எங்கள் ஊரில்தான். ஷா ஆலம் 15ஆம் பிரிவில் இருக்கும் அந்த ஆலை 1972இல் பீர் காய்ச்சத் தொடங்கியது. ஷா ஆலம் சிலாங்கூரின் தலைநகராக அறிவிக்கப்பட்டது 1978இல். அதற்கு முன்பு இந்தப் பக்கமெல்லாம் ரப்பரும் செம்பனையும்தான். தலைநகரைவிட பீர் ஆலைக்கு வயது அதிகம்.

கார்ல்ஸ்பெர்க் டென்மார்க் நிறுவனம். ஆனால் அதன் வேர் பவேரியாவில் இருக்கிறது. 1845இல் யாக்கோப்சன் என்ற டென்மார்க்குக்காரர் மியூனிக் போய், ஸ்பாட்டன் ஆலையிலிருந்து ஈஸ்ட் வாங்கி வந்தார். குதிரை வண்டியில் நீண்ட பயணம். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் ஈஸ்ட் பாத்திரத்தின்மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர வைத்துக்கொண்டே வந்தார் என்பார்கள். அந்த ஈஸ்ட் குளிரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். சூடு ஏறினால் மற்ற நுண்ணுயிர்கள் புகுந்து பீரைக் கெடுத்துவிடும். அதனால்தான் பவேரியாவில் 1539இலேயே கோடையில் பீர் காய்ச்சத் தடை வந்தது. செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம். கோடைக்கான பீரை முன்கூட்டியே காய்ச்சி, நிலவறையில் பனிக்கட்டியோடு அடுக்கி வைத்தார்கள். நிலவறைக்கு மேலே வெயில் படாமல் இருக்க அகன்ற இலையுள்ள செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். தரையில் சரளைக்கல் பரப்பினார்கள். நிழல் இருந்தால் ஜனம் உட்காராமல் இருக்குமா? அங்கேயே பீர் விற்கத் தொடங்கினார்கள்.

நகரத்து விடுதிக்காரர்களுக்கு இதனால் வியாபாரம் படுத்தது. புகார் அரசரிடம் போனது. 1812 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் மாக்சிமிலியன் ஒரு சமரசம் செய்தார். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆலைக்காரர்கள் தங்கள் நிலவறையில் பீர் விற்கலாம். ஆனால் ரொட்டியைத் தவிர வேறு சாப்பாடு விற்கக்கூடாது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வீட்டிலிருந்தே கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு போனார்கள். சாப்பாட்டை வீட்டிலிருந்து எடுத்துப்போகும் அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. 1999இல் பவேரிய அரசு கொண்டுவந்த பீர்த் தோட்ட விதியிலும் அதற்கு இடம் உண்டு.

பீர்த் தோட்டம். ஜெர்மன் சொல்லின் நேர்ப் பொருளே அதுதான். தோட்டம் என்ற சொல் மலேசியத் தமிழன் காதில் விழுந்தால் வேறு படம் தெரியும். லயம், பால் வாளி, தொர பங்களா. அப்புறம் கள்ளுக்கடை.

கள் பீருக்கு நேர் எதிரான பானம். பாளையிலிருந்து சொட்டும்போதே காற்றிலுள்ள ஈஸ்ட் அதில் இறங்கிவிடும். பானைக்குள் சுண்ணாம்பு தடவி வைத்தால் பதநீராக நிற்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். மறுநாள் புளிப்பு, அதற்குப் பிறகு காடி. இந்த வெப்பத்தில் அதை வைத்திருக்கவும் முடியாது, தூரமாக அனுப்பவும் முடியாது. இறக்கிய இடத்தில், அன்றைக்கே குடித்தாக வேண்டும். பீருக்கும் இதே வெப்பம் எதிரிதான். ஆனால் 1870களில் கார்ல் ஃபான் லிண்டே என்ற ஜெர்மன் பொறியாளர், அதே ஸ்பாட்டன் ஆலையின் ஆதரவோடு குளிரூட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். அதற்குப் பிறகு பீர் எந்த ஊருக்கும் போகலாம் என்றானது. 1930களில் ஜெர்மானியர்கள் சிங்கப்பூரிலேயே ஆலை போட்டு ஆங்கர் பீர் காய்ச்சினார்கள். போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசு அதை எதிரிச் சொத்து என்று பிடுங்கிக்கொண்டது வேறு கதை.

பீருக்கு இயந்திரம் வந்தது. கள்ளுக்கு வந்தது தோட்டத்து உரிமம். கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. கள் சத்துள்ளது, அதை நிறுத்தினால் ஆட்கள் சம்சு தேடிப் போவார்கள் என்று நிர்வாகங்கள் வாதாடின. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கடை பக்கத்திலேயே இருந்தால் சம்பளக் காசு தோட்டத்தைவிட்டு வெளியே போகாது, ஆளும் போக மாட்டான் என்பதும் உண்மை.

தொழிலாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற பெரிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு இன்னும் சில கோரிக்கைகளும் வைக்கப்பட்டன. அதில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூடு. இன்னொன்று, தொர எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி. நாதனை நாடு கடத்தினார்கள். பட்டாளத்தை இறக்கி வேலைநிறுத்தத்தை அடக்கினார்கள். போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் அதே கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்து போலீசிடம் அடிபட்டார்கள்.

இதைப் படிக்கும்போது என் கையில் இருந்தது ராட்லர். ராட்லர் என்றால் சைக்கிள் ஓட்டுபவர். 1922இல் மியூனிக் பக்கத்தில் ஒரு விடுதிக்கு ஏகப்பட்ட சைக்கிள்காரர்கள் வந்து குவிந்தார்களாம். பீர் போதாமல் விடுதிக்காரர் எலுமிச்சை சோடாவைக் கலந்து சமாளித்தாராம். கதையில் பாதி கட்டுக்கதை என்பார்கள், அந்தப் பெயர் 1922க்கு முன்பே புழக்கத்தில் இருந்திருக்கிறது. எப்படியோ, அங்கே சைக்கிளில் வந்தவன் பெயரில் ஒரு பானம். 1941இல் கிள்ளானில் சைக்கிளைவிட்டு இறங்காமல் போவதற்கே ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

பவேரியாவிலும் குடித்து அழிந்த குடும்பங்கள் இருக்கும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழன் என்றாலே குடிகாரன் என்று நம் ஆட்களே சொல்லும்போது, இது ஏதோ ரத்தத்தில் வந்த குணம் போல ஒலிக்கிறது. ரத்தம் இல்லை, ஏற்பாடு. ஒரு தோட்டத்தில் குடும்பம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும்படி விதி அமைந்தது. இன்னொரு தோட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் தகரக் கொட்டகையில் வெறும் வயிற்றில் குடிக்கும்படி அமைந்தது. விதி எழுதியவர்கள் இரண்டு இடத்திலும் குடித்தவர்கள் அல்ல.

மறுநாள் இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். அவர் கிள்ளான் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எங்கப்பா குடிச்சத நான் ஒரு நாளும் பாத்ததில்லய்யா. விழுந்து கெடந்ததத்தான் பாத்திருக்கேன். அம்மா போயி தூக்கிட்டு வருவாங்க."

நான் மீதி இருந்த டின்களைத் தங்கையிடம் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். பாட்டி அதைக் கவனித்திருக்க வேண்டும். "குடிக்கிறதுன்னா இங்கயே ஒக்காந்து குடி. சோத்தோட குடி. வெளிய போயி குடிக்காத" என்றார்.

அவருக்கு ஆப்பிள் ஜூஸில் சோடா ஊற்றிக் கொடுத்தேன். அதுவும் ஜெர்மன்காரர்களின் கோடைப் பானம்தான். உருளைக்கிழங்கு சாலட்டை இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். கடுகை அரைத்து ஊற்றியது பிடிக்கவில்லை. அடுத்த தடவை தாளிக்கச் சொல்லியிருக்கிறார்.