லாடமா, வெறுங்குளம்பா? காயல் துறையின் பழைய வழக்கு



முஸ்லிம்களின் குதிரை வணிகம் என்றால் நாம் பெருமைப் பகுதியோடு நிறுத்திக்கொள்வோம். கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டி நாட்டுக்கு அனுப்பியதும், அவரது சகோதரர் தகியுத்தீன் காயலில் சுந்தர பாண்டியனின் அமைச்சராக இருந்ததும் மேடைகளில் கேட்டுப் பழகியவை.

மார்க்கோ போலோ எழுதிய மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை. மன்னன் ஆண்டுக்கு 2,000க்கு மேல் குதிரை வாங்குவான், ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது என்கிறார். பராமரிப்புத் தெரியாது, லாடம் அடிப்பவர் கிடையாது. வணிகர்கள் அவர்களைத் தாமும் கூட்டி வருவதில்லை, போகிறவரையும் தடுக்கிறார்கள், விற்பனை குறைந்துவிடுமாம். அங்கே பிறந்த குட்டிகளும் கால் கோணியவையாம்.

நெஞ்சில் தைக்கிறது. ஏனென்றால் அந்த அறிவு நம்மவரிடம் நிறையவே இருந்தது. அரபியில் லாடம் அடிப்பவருக்கும் மிருக வைத்தியருக்கும் 'பைத்தார்' என்ற ஒரே சொல்தான். 9ஆம் நூற்றாண்டிலேயே பக்தாதில் இப்னு அகீ ஹிஸாம் குதிரை வைத்தியத்துக்கு நூல் எழுதிவிட்டார்.

சரி, லாடம் இருந்திருந்தால் அவை பிழைத்திருக்குமா? எமக்குச் சந்தேகம்தான். கிரேக்கர் ஆணி அடித்த லாடம் அறியாதவர்கள். குதிரையை உருண்டைக் கற்கள் மேல் நிற்க வைத்தால் குளம்பு இறுகும் என்று செனபோன் எழுதினார். நமது நெடுந்தீவுக் குதிரைகளுக்கும் யார் லாடம் அடிக்கிறார்கள்? சுமையில்லாமல் பவளக்கல் தரையில் நடந்து திரிவதில் குளம்பு தானே தேய்கிறது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் சொல்வதைப் பாருங்கள். வந்த குதிரையை 40 நாள் முளையில் இறுகக் கட்டி, வறுத்த பார்லியும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்துக் கொழுக்க வைத்தார்கள். பிறகு பழக்காமலே ஏறி விரட்டினார்கள். தானியம் மிஞ்சினால் குளம்பின் உள்சவ்வு வீங்கும், கடுமையானால் உள்ளே எலும்பே இடம் பெயரும் என்பது இன்றைய மிருக வைத்தியம். நடமாட்டம் இல்லாவிட்டால் குளம்புக்கு இரத்தமும் சரியாக ஓடாது. அப்படிப்பட்ட காலுக்கு முதலில் தீனியை மாற்ற வேண்டும், குளம்பைச் சீராகச் செதுக்க வேண்டும். பிறகுதான் லாடப் பேச்சு. சில குதிரைகள் வெறுங்குளம்பில் தேறும். சிலவற்றுக்கு நோகும் இடத்தைத் தாங்க விசேட லாடம் வேண்டும். அதையும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்த குளம்பை வெட்டி மீண்டும் அடிக்க வேண்டும். இதைப் பார்த்துச் சொல்லத்தான் பைத்தார் தேவை. வெறும் ஆணி அடிக்க அல்ல.

ஆகவே போலோ லாடத்தைப் பற்றிச் சொன்னதில் பாதிதான் சரி. வணிகரைப் பற்றிச் சொன்னதை அவ்வளவு எளிதாகத் தள்ள முடியவில்லை. அந்த 1,400 குதிரை ஒப்பந்தத்தில் ஒன்றின் விலை 220 தீனார். குதிரைக்குச் சேதம் வந்தாலும் இறந்தாலும் அந்த விலை பாண்டியன் கருவூலத்திலிருந்து வந்துவிட வேண்டும். இதை எழுதியவர் போலோ அல்ல, வஸ்ஸாஃப்.