ஷெல்ஷேர் நூலகமும் அதைச் சுற்றிய தெருக்களும்

மார்ட்டினிக் தீவின் தலைநகர் ஃபோர்-து-பிரான்சில், விடுதலைத் தெருவும் பெரினோன் தெருவும் கூடும் முனையில் நிற்கிறது ஷெல்ஷேர் நூலகம். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த 1848 ஏப்ரல் 27 ஆணைக்காகப் பாடுபட்ட விக்தோர் ஷெல்ஷேர், 1883இல் தம் நூல்கள் சுமார் 10,000த்தைத் தீவுக்கு வழங்கினார். அவற்றைக் கொண்டு எல்லாரும் வந்து படிக்கும் பொது நூலகம் அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். 1890இல் நகரையே அழித்த பெருந்தீயில் அந்நூல்களில் பெரும்பகுதி எரிந்துபோயிற்று. பியேர்-ஆன்ரி பிக் வடிவமைத்த இரும்புக் கட்டடம் பிரான்சிலிருந்து பாகம் பாகமாகக் கப்பலில் வந்து, 1893இல் நூலகமாகத் திறந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஷெல்ஷேர் மறைந்தார்.

நூலகத்துக்கு அவர் பெயர். பேராலயம் இருக்கும் தெருவுக்கும் அவர் பெயர். பக்கத்து ஊரே அவர் பெயரை ஏற்றது. பெரினோன் யார் என்று கேட்பவர்கள்தான் குறைவு. 1812இல் இதே தீவின் சென்-பியேரில் பிறந்த கலப்பினத்தவர். கடற்படைப் பீரங்கி அதிகாரி. சென்-மார்த்தேன் தீவின் உப்பளத்தில் கூலி கொடுத்து வேலை வாங்கி, சாட்டையில்லாமலும் தொழில் நடக்கும் என்று காட்டியவர். அடிமை ஒழிப்பு ஆணையத்திலும் உறுப்பினர். ஆணையோடு அவர் மார்ட்டினிக்கில் கப்பலிறங்கியது 1848 ஜூன் 3. அதற்குள் காரியம் முடிந்திருந்தது! மே 22இல் அடிமைகள் கிளர்ந்தெழ, மறுநாளே ஆளுநர் ரொஸ்தொலான் விடுதலையை அறிவித்துவிட்டார்.

 

பெரிய சந்தைப் பக்கம் போனால் இன்னொரு வேடிக்கை. அங்கே இசாம்பேர் தெரு உண்டு. கலப்பினத்தவரான பிஸ்ஸெத் முதலியோர் தண்டிக்கப்பட்டபோது அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் இசாம்பேர். அருகிலேயே பிளெனாக் தெரு. 1685ஆம் ஆண்டின் அடிமைச் சட்டத்துக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரான ஆளுநர் அவர். இருவருக்கும் ஒரே மாதிரிப் பலகை.

2020 மே 22 அன்று போராட்டக்காரர்கள் ஷெல்ஷேரின் இரு சிலைகளைத் தகர்த்தனர். போராடி வென்ற முன்னோரை மறைத்துவிட்டு ஒருவரையே விடுதலை தந்தவராக்குவதா என்பது அவர்கள் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் சிலையை உடைப்பதால் பெரினோனை யாரும் தெரிந்துகொள்ளப் போவதில்லை. தெருப்பலகையில் பெயருக்குக் கீழே அவர் செய்ததையும் இரண்டு வரியில் எழுதி வைக்கலாம்; அதை நூலகத்து முனையிலிருந்தே தொடங்கலாம்.