கிட்டப்பாவுக்கு அரைக் கட்டை ஏற்றிய கதை

கேளம்பாக்கத்துல நான் இருக்கிற பிளாட்ல பாதி இடத்தை தாத்தாவோட பிளேட்டுப் பெட்டி பிடிச்சிருக்கு. ஊர்ல பழைய வீட்டை இடிக்கும்போது பரண்ல கிடைச்சது. எல்லாம் 78 சுற்று அரக்குத் தட்டுகள், பக்கத்துக்கு மூணு நிமிஷ சொச்சம். அதில் சில, எஸ்.ஜி.கிட்டப்பா பாடினவை.

1906-ல் செங்கோட்டையில் பிறந்தவர். நாடக மேடையில் உச்சஸ்தாயிக்குப் பேர் போனவர். முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ 1931-ல் வந்தது. கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்காமலே 1933 டிசம்பரில் போய்விட்டார். முப்பது வயசுகூட ஆகலை. அவரோடு மேடையில் பாடிய மனைவி கே.பி.சுந்தராம்பாளையாவது 1953-ல் வந்த ‘ஔவையார்’ படத்தில் பார்க்கலாம். இவருக்கு மிஞ்சினது பிளேட்டு மட்டும்தான்.

எம்பி3 ஆக்கிடலாம்னு இறங்கினேன் (பொட்டி தட்டுறவனுக்கு இதுகூடவா வராது?). நான் வாங்கின பிளேயர்ல 33, 45 மட்டும்தான். 45-ல் ஓட்டிப் பதிஞ்சு, கம்ப்யூட்டர்ல 1.733 மடங்கு வேகப்படுத்தினேன். கணக்கு கரெக்ட். பாட்டி கேட்டுட்டு, “கீச்சுன்னு இருக்கேடா, இது கிட்டப்பாவே இல்ல”ன்னுட்டாங்க.

தட்டு மேல காகிதத் துண்டு ஒட்டிச் சுற்றை எண்ணினேன். 45-க்குப் பதிலா 47-ஐத் தாண்டி ஓடுது! அதாவது 78 ஆகவேண்டியது 82 ஆகி, ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிப்போச்சு. ஊசியும் தப்பு. எல்பி ஊசி சின்னது; அரக்குத் தட்டோட அகலமான பள்ளத்துல அடிவரைக்கும் போய் அழுக்கைத்தான் உரசும். 78-க்கு மூணு மடங்கு தடிமனான ஊசி வேணும்.

பிளேயர் சரியா ஓடினாலும் சிக்கல் தீராது. 1920-களில் 80 சுற்றில் பதிவான தட்டுகளும் உண்டு. பின்னணியில் ஹார்மோனியம் இருந்தா ஒரு துப்பு கிடைக்கும். அதுவும் துப்புதான், எல்லாப் பெட்டியும் ஒரே சுருதியில் இருக்காதே.

ஒரு குரலுக்கு இருக்கிற ஒரே சாட்சி தட்டுதான்னா, நாம செய்யற பிழையும் வரலாறாயிடும். நாளைக்கு ஒருத்தர் என் எம்பி3-யைக் கேட்டு, கிட்டப்பா இத்தனை கட்டையில் பாடினார்னு எழுதிடுவார். அதனால இப்போ இரைச்சலை நீக்காத மூலப்பதிவையும் வெச்சிருக்கேன். கூடவே என்ன ஊசி, என்ன வேகம்னு ஒரு குறிப்பு.

உங்க வீட்டுப் பிளேட்டுகளை மாத்தினா, நீங்களும் அந்த ரெண்டு வரியை எழுதி வையுங்க மக்களே. பாட்டி காது எல்லார் வீட்லயும் இருக்காது.