ஆணி காணா மரக்கலங்கள்

பூந்தமல்லியின் பழைய பள்ளிவாசல் 1653ஆம் ஆண்டில் எழுந்தது. கோல்கொண்டா சுல்தான் அப்துல்லாஹ் குத்ப்ஷாவின் தளபதி மீர் ஜும்லாவிடம் அலுவல் பார்த்த ருஸ்தம் என்பவர் அதனைக் கட்டுவித்தார். மீர் ஜும்லா வாளேந்தியவர் மட்டுமல்லர். பாரசீகத்துக்கும் பர்மாக் கரைக்கும் சொந்தக் கப்பல்களை ஓட்டிய பெருவணிகருமாவார். கடலலை காணாத இவ்வூருக்கும் கடலோடு இப்படியொரு பந்தம் உண்டு.

கப்பல் உடைமையாளரின் பெயர்களுக்கு நம் வரலாற்றில் பஞ்சமில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் மரக்கலங்களைச் சொல்லாத மீலாது மேடை ஏது? மரக்காயர் என்ற பெயர் மரக்கலத்திலிருந்து வந்ததா, ‘மர்கப்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததா என்று பக்கம் பக்கமாக வாதிட்டிருக்கிறோம். ஆனால் அம்மரக்கலங்கள் நீர் புகாமல் மிதந்தது எவ்வாறு, அவற்றைப் பேணியவர் யாவர் என்று நாம் கேட்டதில்லை.

என்னை இக்கேள்விக்கு இழுத்தது ஒரு சொல். திருமறையின் கமர் அத்தியாயத்தில், நூஹ் நபி (அலை) அவர்களின் கலத்தைக் குறிக்கும் 13ஆம் வசனத்தில், பலகைகளோடு ‘துஸுர்’ என்ற சொல் வருகிறது. விரிவுரையாளர் பெரும்பாலோர் ஆணிகள் என்று பொருள் கூறினர். தமிழில் பெயர்த்தோரும் அவ்வழியே சென்றனர். ஆயினும் அரபு அகராதிகள் மற்றொரு பொருளையும் தருகின்றன: பலகைகளைப் பிணைக்கும் பேரீச்ச நார்க்கயிறு. ஓதிக்கொடுத்த காலத்தில் இவ்விரண்டாம் பொருளை நான் பொருட்படுத்தியதில்லை. இப்னு ஜுபைரின் பயண நூலைப் படித்த பின்னரே கண் திறந்தது.

ஹஜ்ஜுக்காக அந்தலூசியாவிலிருந்து புறப்பட்ட அவர், 1183இல் செங்கடலோரத்து அய்தாப் துறையில் படகு கட்டுவதை அருகிருந்து பார்த்தவர். அப்படகுகளில் ஆணி இல்லை. தேங்காய் மட்டையை அடித்து நாராக்கி, கயிறாகத் திரித்து, அதனாலேயே பலகைகளைத் தைத்தனர். இடையிடையே பேரீச்ச மரச் சிம்புகளைச் செருகினர். அச்சிம்புகளுக்கு அவர் இட்ட பெயரும் துஸுர்தான்! தையல் முடிந்ததும் நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறாவின் எண்ணெயோ ஊட்டினர். சுறா எண்ணெயே சிறந்தது என்கிறார். அக்கடலில் பாறைகள் மிகுதி. மரம் எண்ணெய் குடித்து இளகியிருந்தால் மோதினாலும் உடையாது. மரமும் கயிறும் இந்தியாவிலிருந்தும் யமனிலிருந்தும் போயின. ஆணி என்று உரைத்த பெரியார்களைப் பிழை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கயிற்றால் தைத்த கலத்தில் ஏறி இறங்கிய மக்களுக்கு அச்சொல் வேறு பொருளிலும் விளங்கியிருக்கும் என்றே கருதுகிறேன்.

அதே தையலைச் சென்னைக் கடற்கரையிலும் காண்கிறோம். 1876இல் துறைமுக வேலை தொடங்கும்வரை கப்பல்கள் கரைக்கு வர இயலாது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலாப் படகிலேயே கரை சேர்ந்தன. பூந்தமல்லி ராணுவ முகாமுக்கு அனுப்பப்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்களும் அதில் நனைந்துதான் வந்தனர். ஆணியடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் சிதறிவிடும். உள்ளே சட்டமின்றிப் பலகைகளைக் கயிற்றால் இணைத்த மசூலாவோ அலைக்கேற்ப நெளிந்து கொடுக்கும். பலகைகள் கூடும் இடத்தில் நாரை வைத்து, அதன்மேல் தையல் ஓடும். நனைந்த நார் உப்பி இடைவெளியை அடைக்கும். அப்படியும் கசியும். ஆகவே சரக்கு நனையாதிருக்க அடியில் சுள்ளி பரப்பினர். நீர் இறைக்க ஆளும் வைத்தனர். கயிறு நைந்தால் அறுத்துவிட்டுப் புதிதாகத் தைத்தனர். பலகை கெட்டாலும் அதனை மட்டும் கழற்றி மாற்றலாம். கஹ்ஃப் அத்தியாயத்தில் கிள்ரு (அலை) அவர்கள் பழுதாக்கிய கலம் இங்கே நினைவுக்கு வருகிறது. கடலில் உழைத்த ஏழைகளின் கலம் அது. அபகரிக்கும் அரசனிடமிருந்து தப்பியது அப்பழுதினால்தான்.

ஆணி வைத்த தோணிகளுக்குப் பேணுதல் வேறுவகை. கரையேற்றி, ஒட்டியிருக்கும் சிப்பியையும் பாசியையும் சுரண்டி, பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரியை உளிகொண்டு அடித்துச் செலுத்தி, மேலே எண்ணெய்க் கலவை பூசுவர். கடற்கரையில் இதனைக் கலப்பத்து என்பர். அரபியில் ‘கல்ஃபத்’, போர்த்துக்கீசியத்திலும் ஏறக்குறைய அதே ஒலி. யாரிடமிருந்து யார் பெற்றார் என்பது மொழிநூலார் வழக்கு. தொழிலாளியின் உளிக்கு அவ்வழக்கு தேவைப்படவில்லை.

ஏறத்தாழ 1490இல் ‘ஃபவாயித்’ நூலை நிறைவு செய்த மாலுமி இப்னு மாஜித், வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர் என்று நம் மேடைகளில் இன்னும் சொல்லப்படுகிறது. ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. அவருக்குப் புகழ் சேர்க்க அக்கதை தேவையுமில்லை. கலத்தைச் செலுத்துவோருக்கு அவர் கூறும் அறிவுரையே போதும். கலம் தரையில் இருக்கும்போதே முழுவதும் பார்த்து அதன் குறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றலாகாது. கருவிகள் செம்மையாகாமல் புறப்படலாகாது. சிறு படகொன்றை வைத்திருப்பவருக்கு இன்றும் இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கண்ணாடியிழைப் படகும் மோட்டாரும் வந்தும், நீருக்குள் இறங்கியபின் ஓட்டை தேடுவது வீண் வேலைதான்.

தைத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. சென்னைக் கரையில் அவர்கள் முக்குவர், பட்டினவர் போன்ற கடலோர மக்கள். மாலத்தீவில் காஜியாக இருந்துவிட்டு 1344இல் நம் மஃபர் கரையில் கப்பல் முறிந்து ஒதுங்கிய இப்னு பதூதா, அத்தீவுகளில் கயிற்றுக்கு நார் நூற்றவர்கள் பெண்கள் என்று எழுதிவைத்தார். அந்த ஒரு வரியாவது மிஞ்சியதே.

கமர் அத்தியாயத்துக்கு வரும்போது இப்போதெல்லாம் இரு பொருளையும் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஒரு முழம் தேங்காய்நார்க் கயிறும் பாடப்பலகையருகே தொங்குகிறது.